'பவர்' என்ற சொல்லும் சேலத்துத் தறியும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேசுவதற்குச் சேலத்தைவிடப் பொருத்தமான ஊர்கள் தமிழ்நாட்டில் அதிகமில்லை. 1916ஆம் ஆண்டு இந்த ஊரில்தான் தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் தொடங்கப்பட்டது. அப்போது இங்கே வழக்கறிஞராக இருந்த இராஜகோபாலாச்சாரியாரும் வெங்கடசுப்பையரும் சேர்ந்து அதைத் தொடங்கினார்கள். இராஜாஜி சேலம் நகராட்சித் தலைவரானது அதற்கு அடுத்த ஆண்டு. அறிவியல் துறைகளின் சொற்களைத் தமிழில் ஆக்கி, இதழாக அச்சிட்டு, படித்தவர்களின் முன் வைத்தார்கள். புதுச்சேரியில் இருந்த பாரதியார்கூட இந்த முயற்சியைக் கவனித்துத் தம் கட்டுரையில் எடுத்துப் பேசினார். பின்னாளில் இராஜாஜி 'திண்ணை ரசாயனம்' என்று வேதியியலை எளிய தமிழில் எழுதினார் என்பதும், செடிகளின் வாழ்க்கையைத் 'தாவரங்களின் இல்லறம்' என்று எழுதினார் என்பதும் உங்களில் பலருக்குத் தெரியும். அந்த எழுத்துக்கெல்லாம் வித்து இங்கே, இந்த ஊரில் விழுந்தது.

கலைச்சொல் ஆக்குகிற எவரும் முதல் வாரத்திலேயே முட்டிக்கொள்கிற சிக்கல் ஒன்று உண்டு. ஆங்கிலச் சொல் ஒன்று. அதற்குப் பொருள் பல. தமிழில் எதைப் போடுவது? இதை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். எடுத்துக்காட்டும் ஒன்றே ஒன்றுதான்: 'பவர்'.

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் இந்தச் சொல் காதில் விழாத நாளில்லை. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் பவர்லூம். பத்திரப்பதிவு அலுவலக வாசலில் பவர் பத்திரம். கண்ணாடிக் கடையில் பவர். மேட்டூரில் பவர் பிளாண்ட். வயலில் பவர் டில்லர். கணக்கு வகுப்பில் இரண்டின் பவர் ஐந்து. கட்சிக்காரர் பேச்சில் பவருக்கு வருவது. கோயில் வாசலில் பவர்ஃபுல் சாமி. இத்தனைக்கும் ஆங்கிலம் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. நம் மாணவர்களும் அதிகாரிகளும் அகராதியைத் திறந்து, ஒன்று முதல் பதினைந்து வரை எண்ணிட்ட பொருள்களில் முதலாவதை எடுத்து எல்லா இடத்திலும் ஒட்டிவிடுகிறார்கள். அப்படி ஒட்டினால் பவர் ஆஃப் அட்டர்னி என்பது 'வழக்கறிஞரின் சக்தி' ஆகிவிடும். அந்தத் தாளை நம்பிக் கையெழுத்துப் போடுகிறவர் நிலம் போய்விடும்.

பல பொருள் தரும் ஒரு சொல் நமக்குப் புதிய சிக்கலாகத் தோன்றுகிறது. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்திலேயே இதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறார். பல பொருள் தரும் சொல்லை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று, வினை வேறுபடும் பலபொருள் ஒருசொல். மற்றது, வினை வேறுபடாத பலபொருள் ஒருசொல். முதல் வகையில், சொல்லோடு சேர்ந்து வரும் வினையே பொருளைக் காட்டிவிடும்; அல்லது பக்கத்தில் வரும் இனச்சொல் காட்டும்; அல்லது பேசுகிறவரின் சார்பு காட்டும். உரையாசிரியர்கள் 'மா' என்ற சொல்லை வைத்து இதை விளக்குவார்கள். மா பூத்தது என்றால் மரம். மருதத்தோடு சேர்த்து மா ஓங்கியது என்றாலும் மரமே. கவசம் அணிந்து நிற்கிற ஒருவன் மாவைக் கொண்டு வா என்று கேட்டால் குதிரை. இரண்டாம் வகையில் வினை உதவாது. அங்கே எந்தப் பொருள் என்பதைச் சொல்லுகிறவன் வெளிப்படையாகக் கிளந்து சொல்ல வேண்டும் என்கிறார்.

வினை, இனம், சார்பு: இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு நம் ஊர்ப் பேச்சைக் கேளுங்கள். "எங்க பெரியப்பா பவரு எழுதிக் குடுத்துட்டாருங்க" என்றால் நிலம், பத்திரம். "எனக்குப் பவரு கூடிப்போச்சுங்க" என்றால் கண். "பவரைக் காட்டறாரு" என்றால் பதவி. எழுதிக் கொடுப்பது, கூடுவது, காட்டுவது என்று வினை மாறும்போது பொருளும் மாறிவிடுகிறது. ஆங்கிலத்திலிருந்து கடன் வாங்கிய சொல்லைக்கூடத் தமிழ் பேசுகிறவர்கள் தொல்காப்பியர் சொன்ன இலக்கணத்துக்குள் வைத்துத்தான் ஆளுகிறார்கள். இலக்கணம் தெரிந்து செய்வதில்லை. மொழி அவர்களுக்குள் அப்படி இயங்குகிறது. ஆனால் "பவர் போயிருச்சு" என்று பாருங்கள். வீட்டில் சொன்னால் மின்சாரம்; தேர்தல் முடிவு வந்த நாளில் கட்சி அலுவலகத்தில் சொன்னால் ஆட்சி. வினை ஒன்றுதான். இங்கே சார்பு மட்டுமே வழிகாட்டும்.

ஆகையால் நான் மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சொல்வது இது: பெயர்ச்சொல்லின் மேல் கண்ணை ஊன்றாதீர்கள். அது எந்த வினையோடு வருகிறது, எந்தக் கூட்டத்தில் வருகிறது, யார் வாயில் வருகிறது என்று பார்த்துவிட்டு, பிறகு சொல்லுக்குப் போங்கள். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்பது தவறான கணக்கு. ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்பதே நாம் காக்க வேண்டிய கணக்கு.

இனித் தறிக்கு வருகிறேன். இந்த வட்டாரத்தில் இந்தச் சொல்லால் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் நெசவாளர்கள்தான்.

பவர்லூமுக்கு விசைத்தறி என்ற சொல் நிலைத்துவிட்டது. நல்ல சொல். கைத்தறிக்கு எதிரே வைத்தால் ஓசையும் பொருந்துகிறது. இயற்பியல் படித்த சிலர் இதைக் குறை சொல்வார்கள். விசை என்றால் ஃபோர்ஸ். பவர் என்றால் திறன். அப்படியிருக்க விசைத்தறி எப்படிச் சரி என்பார்கள். வேறு சிலர் மின்தறி என்று வைத்திருக்கலாமே என்பார்கள். இரண்டையும் நான் ஏற்கவில்லை. எட்மண்ட் கார்ட்ரைட் 1785இல் இங்கிலாந்தில் இந்தத் தறிக்குக் காப்புரிமை பெற்றபோது மின்சாரத்தால் ஓடும் இயந்திரமே கிடையாது. அவருடைய ஆலைத் தறிகள் முதலில் மாட்டின் இழுப்பிலும் பிறகு நீராவியிலும் ஓடின. மின்சாரம் வந்தது எவ்வளவோ பிற்பாடு. எனவே மின்தறி என்ற பெயர் அந்தத் தறியின் கதையில் பாதியை வெட்டிவிடும். விசை என்ற சொல்லுக்கோ தமிழில் வேகம், உந்துதல், பொறியின் இயக்கம் என்ற பொருள்கள் முன்பே உண்டு. இயற்பியல் பாடநூல் அதில் ஒன்றைத் தனக்கென எடுத்துக்கொண்டது. அதனால் மற்றவை செத்துவிடவில்லை. விசைப்படகு, விசைத்தெளிப்பான் என்று மீனவரும் உழவரும் அந்தப் பழைய பொருளை இன்றும் ஆள்கிறார்கள். மனிதக் கையின் உழைப்பு இல்லாமல் பொறியால் ஓடுவது என்பதே அங்கெல்லாம் பொருள்.

இதை வெறும் சொல்லாராய்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள். பிழைப்பைத் தீர்மானிக்கிற விஷயம் இது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், பவர் என்றால் என்ன என்று இரண்டாம் பிரிவில் வரையறுத்தது. மின்னாற்றல், அல்லது பொறிவழியே கடத்தப்படும் வேறு எந்த ஆற்றல். அது மனிதராலோ விலங்காலோ பிறப்பிக்கப்படாததாக இருக்க வேண்டும். இதுதான் அதன் சாரம். 1985ஆம் ஆண்டு வந்த கைத்தறி இரக ஒதுக்கீட்டுச் சட்டம் இந்த வரையறையைக் கையில் எடுத்துக்கொண்டது. அந்தப் பொருளில் பவரால் ஓடும் தறி விசைத்தறி. அது தவிர்த்த எந்தத் தறியும் கைத்தறி. முதலில் விசைத்தறியை வரையறுத்துவிட்டு, மீதியைக் கைத்தறி என்று விட்டார்கள். பல்லாயிரம் ஆண்டு மூத்த தொழில் சட்டத்தின் பார்வையில் 'மற்றவை' ஆயிற்று. அதுவும் நம் கவனத்துக்குரியது.

இன்னொன்றையும் பாருங்கள். இந்தச் சட்டத்தின் கண்ணில், மாட்டைப் பூட்டி ஓட்டிய கார்ட்ரைட்டின் தறி பவர்லூமே கிடையாது. ஆங்கிலேயர் பவர்லூம் என்று பெயர் வைத்த முதல் தறியை, ஆங்கிலத்திலேயே எழுதப்பட்ட நம் சட்டம் வெளியே தள்ளிவிடுகிறது. ஒரே மொழிக்குள், ஒரே சொல், இருநூறு ஆண்டில் பொருள் இவ்வளவு நகர்ந்திருக்கிறது. இன்று 11 இரகங்கள் கைத்தறிக்கென ஒதுக்கப்பட்டிருக்கின்றன. கரை வைத்த சேலையையோ வேட்டியையோ எந்தத் தறியில் நெய்யலாம், எதில் நெய்தால் வழக்கு வரும் என்பது இந்த வரையறையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. சேலம் வெண்பட்டு நெய்கிறவருக்கும் இளம்பிள்ளையில் சேலை போடுகிறவருக்கும் நடுவில் ஓடுகிற கோடு, ஒரு சொல்லின் பொருள். அந்தச் சட்டத்தைத் தமிழாக்குகிறவர் பவர் என்ற இடத்தில் அதிகாரம் என்றோ திறன் என்றோ எழுதிவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அங்கே 'இயங்காற்றல்' என்று எழுதி, அதன் வரையறையைப் பக்கத்திலேயே தருவதுதான் முறை. விசைத்தறி என்ற பெயர் அப்படியே இருக்கலாம்.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் விசை என்றும் சொல்வதில்லை, பவர் என்றும் அதிகம் சொல்வதில்லை. இரண்டையும் தறி என்றே சொல்கிறார்கள். வேறுபாட்டை வினையில் வைத்துவிடுகிறார்கள். கைத்தறிக்காரர் "தறி நெய்யறேன்" என்பார். பள்ளிபாளையத்தில் பட்டறையில் நிற்பவர் "தறி ஓட்டறேன்" என்பார். நெய்வது கையின் வேலை, ஓட்டுவது பொறியை ஆளுகிற வேலை. ஆங்கிலம் பெயருக்கு முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்துச் செய்ததை, தமிழ் வினையை மாற்றிச் செய்துவிட்டது. இதைக் கவனிக்காத அகராதி நெசவாளரின் தமிழை அறியாத அகராதி.

மேட்டூர்ப் பக்கம் போனால் வேறு விதம். அங்கே அனல்மின் நிலையம், நீர்மின் நிலையம் என்கிறோம். பவர் என்ற சொல் மின் என்பதற்குள் கரைந்துபோயிற்று. கரையத்தான் வேண்டும். பவர் கட் என்பது மின்வெட்டு. இங்கே தமிழில் இன்னும் நுட்பமாகப் பிரிக்கவும் முடியும்: திட்டமிட்டு நிறுத்தினால் வெட்டு, தானாக நின்றால் தடை என்று சொல்லலாம். வீட்டில் பெரும்பாலும் "கரண்ட் போயிருச்சு" என்கிறோம். ஸ்பானிய மொழி பேசுகிறவர்களும் அந்த இடத்தில் தங்கள் பவர் சொல் எதையும் தேடுவதில்லை. 'லூஸ்', அதாவது வெளிச்சம், போய்விட்டது என்கிறார்கள். மெக்சிகோவில் இருட்டில் உட்கார்ந்திருக்கிற வீட்டுக்காரரும் எடப்பாடியில் இருட்டில் உட்கார்ந்திருக்கிறவரும் பவரை மறந்து, தங்களுக்கு எது போயிற்றோ அதைச் சொல்கிறார்கள்.

ஸ்பானிய மொழியைச் சொன்னதால் அதைப் பற்றிக் கொஞ்சம். ஆங்கிலப் பவரும் ஸ்பானியத்தின் 'பொதேர்' என்ற சொல்லும் இலத்தீனில் ஒரே வேரில் பிறந்தவை. இயலுதல் என்பது அந்த வேரின் பொருள். இத்தனை நெருங்கிய உறவு இருந்தும் ஸ்பானிய மொழிபெயர்ப்பாளர் எல்லா இடத்திலும் பொதேர் போட முடியாது. ஆட்சியதிகாரத்துக்கும் பதிவு அலுவலக ஆவணத்துக்கும் பொதேர். இயற்பியலுக்கும் கணக்கின் அடுக்குக்கும் உலக வல்லரசுக்கும் 'பொதென்சியா'. அணுவிலிருந்து எடுப்பதற்கு 'எனர்ஹியா'. தறிக்கு 'மெக்கானிக்கோ', அதாவது பொறித்தறி. கண்ணாடிக்கு 'கிராதுவாசியோன்', அதாவது அளவுப்படி. உடன்பிறந்த மொழிக்கே ஐந்தாறு சொல் வேண்டியிருக்கிறதென்றால், வேறு குடும்பத்து மொழியான தமிழுக்கு ஏழெட்டுச் சொல் வேண்டியிருப்பதில் குறையே இல்லை. தமிழில் ஒரே சொல் இல்லையே என்று வருந்துகிறவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

இப்போது பாடநூலுக்குள் போவோம். இங்கேதான் எனக்கு வருத்தம் உண்டு.

இயற்பியலில் விசை, வேலை, ஆற்றல், திறன் என்ற நான்கும் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் உறுதியாகிவிட்டன. வேலை செய்யும் வீதம் திறன். அதன் அலகு வாட். ஆங்கிலத்திலும் இந்தப் பிரிவினை பிறவியிலேயே வந்ததில்லை. நெம்புகோல், கப்பி போன்ற எளிய பொறிகளையே முன்பு பவர்கள் என்று அழைத்தார்கள். 1847இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆற்றல் அழியாமை பற்றி எழுதிய பெயர்பெற்ற கட்டுரையின் தலைப்பில் ஜெர்மன் மொழியின் விசைச் சொல்தான் இருக்கிறது. அவர் பேசியது ஆற்றலைப் பற்றி. ஒரு நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு என்று ஜேம்ஸ் வாட் குதிரையின் உழைப்பைக் கணக்கிட்ட பிறகும் அலகு நிலைபெற நீண்ட காலம் ஆயிற்று. 1882இல் சவுத்தாம்ப்டனில் கூடிய பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தில் வில்லியம் சீமன்ஸ்தான் வாட் என்ற பெயரை முன்மொழிந்தார். இந்தியாவில் பவர் பத்திரத்துக்கான சட்டம் வந்ததும் அதே 1882இல்தான். ஒரே ஆண்டில் அங்கே அறிவியலில் ஒரு பொருளும் இங்கே சட்டத்தில் இன்னொரு பொருளும் ஒரே சொல்லுக்கு முன்வைக்கப்பட்டன. சேலத்துச் சங்கம் தொடங்கும்போது வாட் அலகுக்கு வயது முப்பத்து நான்கு. ஆங்கிலம் நமக்கு முன்னால் வெகுதூரம் போய்விடவில்லை. அப்போதுதான் தானும் உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொண்டிருந்தது. நாம் அஞ்ச வேண்டியதில்லை.

என் வருத்தம் திறன் என்ற சொல்லைப் பற்றியது. பவருக்குத் திறன் என்று வைத்தோம். பிறகு எஃபிஷியன்சிக்குப் பயனுறுதிறன். கெப்பாசிட்டிக்குக் கொள்திறன். ஸ்கில் என்பதற்கும் திறன். திறன் மேம்பாடு என்று அரசுத் திட்டங்களே நடக்கின்றன. ஸ்மார்ட்ஃபோன் திறன்பேசி ஆயிற்று. லென்சின் பவரும் திறனே. ஆங்கிலத்தில் ஐந்தாறு சொற்களாகப் பிரிந்து நிற்பவை தமிழில் ஒரே சொல்லில் வந்து குவிந்துவிட்டன. ஆங்கிலத்தில் பவர் என்ற சொல்லுக்கு நேர்ந்த கூட்டத்தை நாம் திறனுக்கு நேரவிடுகிறோம். 'மோட்டாரின் திறன் கூடியது' என்று ஒரு மாணவன் படித்தால், வேகமாக வேலை செய்கிறது என்று கொள்வானா, குறைந்த மின்சாரத்தில் நிறைய வேலை செய்கிறது என்று கொள்வானா? வினை இரண்டுக்கும் கூடுதல்தான். இதுதான் வினை வேறுபடாத பலபொருள் ஒருசொல். தொல்காப்பியர் சொன்ன மருந்தும் அதற்கு உண்டு: கிளந்து சொல். மின்திறன், பொறித்திறன் என்று அடை கொடுத்தே எழுத வேண்டும். லென்சுக்குக் குவிதிறன், விரிதிறன் என்று எழுதினால், குவிலென்சா குழிலென்சா என்பதையும் சொல்லே சொல்லிவிடும். அடையில்லாத திறன் என்ற சொல்லைத் திறமைக்கு மட்டும் விட்டுவிடலாம்.

கண்ணாடியைப் பற்றி ஒரு சொல். "பவர் ஏறிப்போச்சு" என்று நம் மக்கள் வருத்தத்தோடு சொல்கிறார்கள். லென்சுக்கு ஏறியது, கண்ணுக்குக் குறைந்தது. குவியத்தூரத்தை மீட்டரில் எடுத்து அதன் தலைகீழ் எண்ணைக் கண்டால் அது டயாப்டர். படிக்கிற கண்ணாடி பிளஸ் இரண்டு என்றால் அது இணைக்கதிர்களை அரை மீட்டரில் குவிக்கும், அவ்வளவுதான். கண்ணுக்கு நோய் முற்றிவிட்டது என்று முதியவர்கள் அஞ்சுவதற்குச் சொல்லும் ஒரு காரணம். கண் மருத்துவமனையில் இருப்பவர்கள் 'கண்ணாடி அளவு மாறியிருக்குதுங்க' என்று சொன்னால் அந்த அச்சம் தீரும்.

திறனும் ஆற்றலும் குழம்புவதால் பணமும் குழம்புகிறது. ஐந்து ஹெச்.பி. மோட்டார் என்பது திறன், 3.73 கிலோவாட். அது முழுப் பளுவில் ஒரு மணி நேரம் ஓடினால், இழப்புகளை விட்டுவிட்டுச் சொன்னால், 3.73 யூனிட்; அது ஆற்றல். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் வரை கட்டணமில்லை என்று 2023இல் உயர்த்தியது ஆற்றல் கணக்கு. இணைப்புக்கு ஒப்புதல் பெற்ற கிலோவாட் திறன் கணக்கு. மேட்டூரின் 210 மெகாவாட் அலகு ஒன்று முழுதாக ஒரு மணி நேரம் ஓடினால் 2,10,000 யூனிட் பிறக்கும். இதை 'மணிக்கு 210 மெகாவாட்' என்று எழுதும் செய்தியாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். தறிப்பட்டறை வைத்திருப்பவருக்குத் தன் மின்கட்டணச் சீட்டில் எது எது என்று புரிய வேண்டுமானால், பள்ளியில் இந்த இரண்டு சொல்லும் அவருக்குப் பிரிந்து பதிந்திருக்க வேண்டும். லாரி ஓட்டுநர்களிடம் கேளுங்கள். தொப்பூர் கணவாய் ஏறும்போது "வண்டி இழுக்கல" என்பார்கள். எண்ணெய் அதிகம் குடித்தால் "மைலேஜ் தரல" என்பார்கள். திறனும் பயனுறுதிறனும் அவர்கள் பேச்சில் ஒருநாளும் கலப்பதில்லை. பாடநூல் கலக்கிறது.

கணக்கில் தமிழ் வென்றிருக்கிறது. பழைய கிரேக்கக் கணிதர்கள் வர்க்கத்தை வலிமை என்ற பொருளுடைய சொல்லால் குறித்தார்கள். அது இலத்தீனுக்குப் போய், 1570இல் பில்லிங்ஸ்லி யூக்ளிடை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது பவர் ஆயிற்று. ஆக ஆங்கிலத்தின் கணக்குப் பவரே ஒரு சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு. நாம் அந்தச் சுமையைத் தூக்காமல் அடுக்கு என்றோம். ஒன்றின் மேல் ஒன்றாகப் பெருகுவது சொல்லிலேயே தெரிகிறது.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் வேறு வழி போயின. அங்கே இயற்பியல் பவர் வலு, லென்சுக்கும் வலு, கணக்கிலும் வலு. ஸ்பானியப் பொதென்சியாவைப் போல ஒரே சொல். ஆற்றலை அவர்கள் சக்தி என்கிறார்கள். 1850களிலேயே மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மருத்துவ நூல்களைத் தமிழில் பெயர்த்தார். யாழ்ப்பாணத்துக்குக் கலைச்சொல்லில் நம்மைவிட நீண்ட மரபு உண்டு. வலு என்பது திறனைவிடத் தெளிவான சொல் என்றே நான் கருதுகிறேன்; வேறு எதனோடும் மோதவில்லை. ஆனால் கணக்கில் அடுக்கு அதைவிட நல்லது. இரு நாட்டுப் பாடநூல் குழுவினரும் இருவர் சொல்லையும் எதிரெதிரே அச்சிட்டாலே போதும், பிள்ளைகள் நல்லதை எடுத்துக்கொள்வார்கள்.

பத்திரத்துக்கு வருகிறேன். முன்பு முக்தியார்நாமா என்றார்கள். இப்போது பொது அதிகார ஆவணம் என்று எழுதுகிறோம். அதிகாரம் என்ற சொல்லும் தனியாக நிற்கவில்லை; திருக்குறளில் அது பகுப்பு, தொல்காப்பியத்தில் நூற்பகுதி. ஆனாலும் கொடுத்தல் என்ற வினை வந்துவிட்டால் குழப்பமில்லை. எனக்கு முகவர் நியமன ஆவணம் என்பது இன்னும் பிடிக்கும். நான் ஒருவரை என் முகவராக வைக்கிறேன் என்ற செய்தியே அந்த ஆவணத்தின் உயிர். கையெழுத்துப் போடப் போகிற மூதாட்டிக்கு அதைப் படித்துக் காட்டினால், எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று புரியும்.

இந்த மண்ணில் சொல்லுக்காக உழைத்தவர்கள் இராஜாஜியோடு நின்றுவிடவில்லை. சேலத்தை அடுத்த பாகல்பட்டியில் 1871இல் பிறந்த பா.வே. மாணிக்க நாயக்கர் பொறியாளர். பொறியியலுக்குத் தமிழ்ச்சொல் தேடியவர். தேவநேயப் பாவாணர் 1944 முதல் 1956 வரை சேலம் நகராட்சிக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியர். பெருஞ்சித்திரனார் அங்கே அவருடைய மாணவர். வடசொல் வேண்டும் என்றவர், வேண்டாம் என்றவர், இருவருமே இந்த ஊரில் இருந்து வேலை செய்திருக்கிறார்கள். தெற்கே திருநெல்வேலியில் தொடங்கிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1936இல் விபுலானந்த அடிகள் தலைமையில் மாநாடு கூட்டி, 1938இல் ஏறத்தாழ பத்தாயிரம் கலைச்சொற்களை நூலாக்கியது. வடசொல் வேண்டுமா வேண்டாமா என்ற அந்த வேர்ச்சண்டை நமக்கு நல்ல சொற்கள் பலவற்றைத் தந்தது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் சொல் எந்த வேரிலிருந்து வர வேண்டும் என்று பேசிய அளவுக்கு, சொல் எந்த வாக்கியத்தில் போய் உட்காரும் என்று நாம் பேசவில்லை. இன்றைக்கும் நம் கலைச்சொல் பட்டியல்கள் இடப்பக்கம் ஓர் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் ஒரு தமிழ்ச்சொல் என்றே அச்சாகின்றன. வலப்பக்கத்தில் காற்புள்ளி இட்டு ஆற்றல், வல்லமை, திறன், சக்தி, அதிகாரம் என்று அடுக்கினால் அது மொழிபெயர்ப்பாளனுக்கு உதவாது. நம் நிகண்டுகள் இதைவிட நன்றாகச் செய்தன. திவாகரத்திலும் சூடாமணியிலும் பதினோராவது தொகுதி முழுவதும் ஒருசொற் பல்பொருள் பெயர்களுக்கே. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தார்கள். பல பொருள் உண்டு என்பதை ஒளிக்காமல், அதையே தனிப் பாடமாக வைத்தார்கள்.

இங்கே அமர்ந்திருக்கிற மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களில் பாதிப்பேர் தறியோடும் லாரிப் பட்டறையோடும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடும் பிறந்து வளர்ந்தவர்கள். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறவர், திருச்செங்கோட்டில் ரிக் வண்டியில் வேலை பார்க்கிறவர், ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளியை அரைத்து ஜவ்வரிசி ஆக்குகிறவர் எல்லோரும் ஆங்கிலச் சொல்லையும் தமிழ்ச்சொல்லையும் சேர்த்துத்தான் தினமும் பேசுகிறார்கள். எதை ஆங்கிலத்தில் விட்டுவிடுகிறார்கள், எதைத் தமிழில் பிரித்துச் சொல்கிறார்கள் என்பதை எவரும் முறையாக எழுதி வைக்கவில்லை. தமிழ்த்துறையும் இயற்பியல் துறையும் சேர்ந்து இந்த ஆண்டே இந்த வேலையைத் தொடங்குங்கள். ஆளுக்கு ஒரு தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். போகும்போது சொற்பட்டியல் கொண்டுபோய், இதற்குத் தமிழில் என்ன என்று கேட்காதீர்கள். கேட்டால் அவர்கள் கூச்சப்பட்டு உங்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிடுவார்கள். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று, சொன்னதைச் சொன்னபடி, முழு வாக்கியமாக, வினையோடு எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை இந்தக் கல்லூரி நூலாக்க வேண்டும் என்று நிர்வாகத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன். பாடநூல் எழுதுகிறவர்களும் சட்டம் பெயர்க்கிறவர்களும் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதட்டும்.